நடுத்தர வகுப்பாரும் புகழும்

நடுத்தர வகுப்பில் பிறந்த ஒருவர் பெரும் வெற்றியும் புகழும் அடைய முடியுமா? நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்த என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்டு வந்த கேள்வி இது. கேட்பவரின் குரலிலேயே ஓர் ஐயம் ஒலிக்கும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பணம் துணை நிற்கிறது. வறியவர் வீட்டுப் பிள்ளைக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை, துணிந்து இறங்கலாம். மாதச் சம்பளத்தில் வாழும் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டுமில்லை. படித்து, தேர்வில் தேறி, ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, வீட்டைத் தாங்க வேண்டும். அவனுக்குப் புகழ் ஏது என்பதுதான் அந்த ஐயம்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. முயன்றால் முடியாதது இல்லை என்பது ஒன்று. செல்வாக்கு இல்லாதவன் முன்னேற முடியாது என்பது மற்றொன்று. மேடைப் பேச்சுக்கு முதல் விடை உதவும். திண்ணைப் பேச்சுக்கு இரண்டாவது உதவும். உண்மையை அறிய விரும்புவோர் வரலாற்றைத்தான் கேட்க வேண்டும். அந்நாளைய சென்னை மாகாணத்தில் பிறந்த மூவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய விரும்புகிறேன். மூவரும் ஒரு காலத்தில் அலுவலக மேசையின் முன் உட்கார்ந்து கோப்பு பார்த்தவர்கள்.

முதலில், நடுத்தர வகுப்பு என்று நாம் இன்று சொல்லும் கூட்டம் எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது பார்ப்போம். 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் ஏற்பட்டன. ஆங்கில ஆட்சிக்குக் கணக்கெழுதவும், கடிதம் வரையவும், நீதிமன்றங்களில் பணியாற்றவும் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். மெட்ரிகுலேஷன், அதன் மேல் எஃப்.ஏ., அதன் மேல் பி.ஏ. என்று படிகள் அமைந்தன. ஒவ்வொரு படிக்கும் ஏற்ற உத்தியோகமும் சம்பளமும் இருந்தன. நிலமும் வாணிபமும் இல்லாத குடும்பங்கள் இந்த ஏணியைப் பற்றிக்கொண்டு மேலே வந்தன. அந்த ஏணிதான் நடுத்தர வகுப்பை வளர்த்தது. அதே ஏணி அவ்வகுப்பாரின் உள்ளத்தில் ஓர் அச்சத்தையும் வளர்த்தது. ஒரு படி தவறினால் குடும்பமே கீழே விழுந்துவிடும் என்ற அச்சம் அது. இனி நான் கூறப்போகும் செய்திகளை விளங்கிக்கொள்ள இந்த அச்சத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் படியில் தவறி விழுந்தவர் ஒருவரிடமிருந்தே தொடங்குவோம். சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதியவர். சொற்பச் சம்பளம், ஆயினும் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீடு. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பையன் முதன்மையாகத் தேறினான். கணித வாய்பாடுகளைத் தொகுத்துக் கூறும் கார் என்பவரின் நூலொன்று இரவலாக அவன் கைக்கு வந்தது. அதன்பின் அவனுக்கு வேறு நினைவில்லை. 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தவன், கணிதம் ஒன்றையே கவனித்து மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் உதவிச் சம்பளத்தை இழந்தான். 1906ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. மறுபடி எழுதியும் பயனில்லை.

மாணவ நண்பர்களே, அந்த வீட்டின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருபது வயது இளைஞன், பட்டமில்லை, வேலையில்லை. தாள் வாங்கப் பணமில்லாமல் கற்பலகையில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்துக்கொண்டிருக்கிறான். 1909ஆம் ஆண்டில் திருமணமும் ஆகிவிட்டது. உறவினர் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் அந்தச் சொற்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

1910ஆம் ஆண்டில் இராமானுஜன் தம் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு திருக்கோவலூருக்குச் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. இராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. குறிப்பேடுகளைப் புரட்டிய ஐயர், இத்தகைய மேதையை ரெவின்யூ இலாகாவின் கீழ்ப்படியில் உட்கார வைத்து நசுக்கிவிடத் தமக்கு மனமில்லை என்று கருதி, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அக்கடிதங்களின் வழியாகப் பேராசிரியர் சேஷு ஐயரும், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவும் அறிமுகமானார்கள். இராமச்சந்திர ராவ் சில காலம் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதந்தோறும் உதவினார். பிறர் உதவியில் வாழ்வதை விரும்பாத இராமானுஜன், 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக டிரஸ்ட் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

அந்த மேசை அவருக்குச் சிறையாகவில்லை. அலுவலக மேலாளர் எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். வேலை முடிந்த பின்னர் இருவரும் கற்பலகைகளை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். டிரஸ்டின் தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற ஆங்கிலேயரிடமும் நாராயண ஐயர் இவரைப் பற்றி எடுத்துரைத்தார். 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இராமானுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அதற்கு முன் வேறு அறிஞர்களுக்கு எழுதிப் பயன் கிட்டவில்லை. ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கும் துறைமுக அலுவலகக் குமாஸ்தா என்றே அக்கடிதத்தில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். தம் நிலையை மறைக்கவுமில்லை; அதற்காக வெட்கப்படவுமில்லை. ஹார்டி கடிதத்தின் அருமையை உணர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவிச் சம்பளம் வழங்கியது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் அவர் கப்பலேறினார். 1918ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிடி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயுடன் 1919ஆம் ஆண்டில் நாடு திரும்பி, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

இராமானுஜன் ஏணியிலிருந்து விழுந்தவர். இரண்டாமவரோ ஏணியின் உச்சிவரை ஏறியவர். சந்திரசேகர வெங்கட ராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். வீட்டில் புத்தகங்கள் இருந்தன, பொருட்செல்வம் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904ஆம் ஆண்டில் பி.ஏ., 1907ஆம் ஆண்டில் எம்.ஏ. என்று முதன்மையாகத் தேறினார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவர் உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இந்நாட்டில் அன்று விஞ்ஞானம் சோறு போடும் தொழிலாக இருக்கவில்லை. ஆகவே நிதி இலாகாத் தேர்வு எழுதி, முதலிடம் பெற்று, பதினெட்டாம் வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆனார். நடுத்தரக் குடும்பத்தார் கோயிலுக்குச் சென்று நேர்த்திக்கடன் செலுத்தும் அளவுக்கு உயர்ந்த உத்தியோகம் அது.

கல்கத்தாவில் பவுபஜார் தெரு வழியாகச் சென்றபோது, இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்ற பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நிறுவிய சங்கம் அது. ராமன் சென்று தட்டியபோது கதவைத் திறந்தவர் அங்கே பணியாற்றிய ஆசுதோஷ் தே. நிறுவியவரின் மகன் அமிர்தலால் சர்க்கார் மனமுவந்து ஆய்வுக்கூடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். அன்று முதல் ராமனின் நாள் இரண்டாகப் பிரிந்தது. அலுவலக நேரம் சர்க்காருக்கு. அதிகாலையும் மாலையும் விஞ்ஞானத்துக்கு. வீணை, மிருதங்கம் முதலிய நம் இசைக்கருவிகளின் ஒலியை அவர் ஆராய்ந்ததும் அங்கேதான். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்த காலம் நீங்கலாக, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவ்வாறு கழிந்தது.

1917ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தது. துணைவேந்தராக இருந்து அப்பல்கலைக்கழகத்தை வளர்த்த ஆசுதோஷ் முகர்ஜியின் தேர்வு அது. அதை ஏற்றால் வருவாய் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நிதி இலாகாவில் இருந்தால் மேலும் மேலும் உயரலாம். ராமன் உத்தியோகத்தை உதறினார். நான் முன்பு குறிப்பிட்ட அச்சத்தை அவர் வென்ற நாள் அது. அதன் பின்னரே பெரிய வேலைகள் நடந்தன. 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்று திரும்பிய பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலநிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒளிச்சிதறலைப் பற்றிய ஆராய்ச்சி தொடர்ந்தது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், இன்று ராமன் விளைவு என்று வழங்கும் உண்மையைக் கண்டறிந்தார். 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வந்தது. விஞ்ஞானத்தில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

இவ்விருவரையும் மட்டும் கூறி நிறுத்தினால் வரலாறு பாதியாகிவிடும். இருவரும் தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு இருந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். அன்றைய தமிழகத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பள்ளியின் வாயிற்படியே எட்டாமல் இருந்தது. ஆகையால் மூன்றாமவராக, காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்த அறிஞர் அண்ணாவை எடுத்துக்கொள்கிறேன். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். குழந்தையைச் சீராட்டி வளர்த்தவர் இராசாமணி அம்மையார். பச்சையப்பன் பள்ளியில் பயின்று வந்த மாணவர், குடும்ப நிலை காரணமாகப் படிப்பை நிறுத்திக் காஞ்சிபுரம் நகராட்சியில் சில காலம் எழுத்தராக வேலை பார்த்தார். பின்னர் அந்த மேசையை விட்டு மீண்டும் வகுப்புக்குச் சென்றார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1934ஆம் ஆண்டில் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். இராமானுஜன் தேறாமல் வெளியேறிய அதே கல்லூரி இது.

அந்தக் கல்லூரியின் வரலாற்றையும் ஒரு சொல்லில் கூறிவிடுகிறேன். பச்சையப்ப முதலியார் 1794ஆம் ஆண்டில் நாற்பது வயதில் மறைந்தவர். எளிய நிலையிலிருந்து துபாஷித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டி, அதை அறத்துக்கென எழுதி வைத்தார். அந்த அறநிதியிலிருந்துதான் 1842ஆம் ஆண்டில் பள்ளி தோன்றியது. பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அவர் எழுதி வைத்த அறம், அவர் மறைந்து நூறாண்டுக்கும் மேற்பட்ட காலம் கடந்து, ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளையைப் பட்டதாரியாக்கியது. அண்ணா சிறிது காலம் ஆசிரியராகவும், பின்னர் இதழாசிரியராகவும், நாடக ஆசிரியராகவும் விளங்கியதை நீங்கள் அறிவீர்கள். 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் சொந்த ஊராகிய காஞ்சிபுரத்திலேயே தோற்றார். 1967ஆம் ஆண்டில் மாநிலத்தின் முதலமைச்சரானார். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்துப் பெருமை செய்தது. 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அரசியல் கருத்துகளில் அவரோடு உடன்படாதவர்களும் அந்த உயர்வை மறுக்கமாட்டார்கள்.

பெண்களின் வழியோ இவர்கள் வழியினும் கடினமானது. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் ஒரு கல்லூரி முதல்வரின் மகள். ஆண்கள் மட்டுமே படித்த மகாராசா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் அனுமதி அளித்தார். 1912ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்ற அந்த அம்மையார், பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராக வீற்றிருந்தார். 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அவர் விடாமுயற்சியின் விளைவு.

இனிக் கேள்விக்குத் திரும்புவோம். உயர முடியும் என்பதற்கு இவ்வாழ்க்கைகள் சான்று. எவ்வாறு உயர்ந்தார்கள் என்பதில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

சிறு சம்பளத்தை இவர்கள் இகழவில்லை. அதைக் காலூன்றும் இடமாகக் கொண்டார்கள். துறைமுகக் கணக்கு இராமானுஜனுக்குச் சோறிட்டது. நிதி இலாகா ராமனுக்குப் பத்தாண்டு நிழல் தந்தது. உத்தியோகம் போக எஞ்சிய நேரத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் அவர்கள் மற்றக் குமாஸ்தாக்களிடமிருந்து வேறுபட்டார்கள். காலூன்றிய இடத்தைவிட்டு அடியெடுத்து வைக்க வேண்டிய நாளும் ஒவ்வொருவர்க்கும் வந்தது. அன்று அவர்கள் தயங்கி நின்றுவிடவில்லை.

அந்த அடியின் விலையை வீட்டாரும் கொடுத்தார்கள் என்பதை மறக்கலாகாது. இராமானுஜன் மறைந்தபோது மனைவி சானகி அம்மாள் மிக இளையவர். பின்னாளில் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து தம் வாழ்க்கையை நடத்தினார். 1994ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். கணவரின் பெயர் உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். புகழைப் பற்றிப் பேசுவோர் இந்தக் காட்சியையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. இவ்வாழ்க்கைகளில் கதவைத் திறந்துவிட்டவர்கள் யாவர்? கல்லூரிக்குப் பச்சையப்பரின் பொருள் உதவியது; முத்துலட்சுமி அம்மையாருக்கு மன்னர் உதவினார். ஆனால் திருக்கோவலூரில் குறிப்பேட்டைப் புரட்டியவர் ஒரு டிப்டி கலெக்டர். துறைமுகத்தில் கற்பலகையோடு உடனிருந்தவர் ஓர் அலுவலக மேலாளர். பவுபஜாரில் கதவைத் திறந்தவர் ஓர் ஆய்வுக்கூடப் பணியாளர். இவர்களும் சம்பளத்துக்கு உழைத்தவர்களே. கணிதக் கழகத்தையும் விஞ்ஞானச் சங்கத்தையும் சந்தாவாலும் நன்கொடையாலும் தாங்கியவர்களில் உத்தியோகஸ்தர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் பலர். இராமானுஜன் தேறாதவர் என்று சொல்லி இராமசாமி ஐயர் அன்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். சட்டப்படி அது குற்றமாகாது. கேட்ட வேலையைக் கொடுத்திருந்தாலும் அவரை நல்லவர் என்றே ஊர் புகழ்ந்திருக்கும். அவர் இரண்டையும் செய்யாமல் ஒரு கடிதம் எழுதினார்.

ஆகவே என் விடை இது. நடுத்தர வகுப்பார் உயர முடியும். ஆனால் தனித்து நின்று உயர்ந்தவரை நான் வரலாற்றில் காணவில்லை. அறிவும் உழைப்பும் ஒருவரை வாயில்வரை கொண்டு சேர்க்கின்றன. வாயிலைத் திறக்க உள்ளே ஒருவர் வேண்டும். எத்தனை ஊர்களில் எத்தனை குறிப்பேடுகள் புரட்டப்படாமலே கரையான் தின்று போயினவோ! அவர்களெல்லாம் முயலாதவர்கள் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் பெரும்புகழ் பெறலாம். பெரும்பாலோர் ஏதேனும் ஓர் அலுவலகத்திலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ மேசைக்குப் பின்னால் அமர்வீர்கள். அந்நாளில் தேர்வில் தவறிய ஓர் இளைஞன் கையில் ஏதோ ஒன்றை ஏந்தி உங்கள் முன் வந்து நிற்கக்கூடும். அவனுக்குச் சில மணித்துளிகள் ஒதுக்குங்கள். அதற்குச் செல்வமோ செல்வாக்கோ தேவையில்லை.

இராமானுஜன் இதை அறிந்திருந்தார். இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கத் தீர்மானித்தது. 1919ஆம் ஆண்டு சனவரியில் அதற்கு அவர் எழுதிய மறுமொழி இன்றும் கிடைக்கிறது. பெற்றோருக்கென ஒரு பகுதியை ஒதுக்கச் சொல்லி, தம் அவசியச் செலவு போக எஞ்சியதை ஏழை மாணவர்க்கும் அனாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குவதற்கும் பயன்படுத்துமாறு அதில் அவர் வேண்டிக்கொண்டார்.